பீரோவுக்குப் பதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

ஜனவரி 6

வணக்கம்.

'அன்புள்ள' என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். நிச்சயம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அவசரப்படுவதுபோல் இருந்தது. 'மதிப்பிற்குரிய' என்று போட்டால் விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் போனில் கூப்பிட்டீர்கள். "சாப்பிட்டீங்களா?" என்றீர்கள். "ம்" என்றேன். "ஆபீஸ் வேலையெல்லாம் எப்படி?" என்றீர்கள். அதற்கும் "ம்" என்றேன். "லைன்ல இருக்கீங்களா?" என்றீர்கள். அதற்கு மட்டும் "இருக்கேன்" என்றேன். காதில் குரல் விழுந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் வரும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், நான் பேசாமல் இருப்பதைப் படிப்பு தந்த அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "படிச்ச புள்ள, அளந்துதான் பேசும்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அளப்பதற்கே ஒன்றும் வெளியே வருவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவேன்.

போனில் கலர் கலராக உருண்டைகளை அடுக்கும் ஆட்டம் இல்லை. துப்பாக்கியோடு நான்கு பேர் கொண்ட அணியாக ஓர் இடிந்த நகரத்தில் இறங்கி, எதிர் அணியைச் சந்து சந்தாகத் துரத்துவது. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் என் அறைத் தோழி ஒருத்தி கம்ப்யூட்டர் வாங்கிவைத்திருந்தாள். வாங்கியது அவள், ஆடியது நான். இப்போது அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் அவளோடு போய்விட்டது.

என் அணியில் இருக்கும் மற்ற மூவரையும் நான் பார்த்ததில்லை. நான் மைக்கில் பேச மாட்டேன், தட்டச்சு செய்துதான் உத்தரவு கொடுப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைப்பதால் ஓய்வுபெற்ற ஆசாமி என்று முடிவுகட்டி என்னைத் 'தாத்தா' என்கிறார்கள். 'தாத்தா, மாடிக்கு ஏறவா?' என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். நான் சொல்லி மூன்று பேர் கேட்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

நம் வீட்டில் எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். விலை குறைந்தது போதும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பாகம் என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது சரிப்படாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஜனவரி 14

அன்புள்ள உங்களுக்கு,

('அன்புள்ள'வை நான் போட்டுவிட்டேன். பழி என்மேல் இருக்கட்டும்.)

கடிதத்தை லேபில் உட்கார்ந்துதான் படித்தேன். என் வேலையைப் பற்றி நிச்சயத்தன்று சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 'பல் லேப்' என்று சொன்னதும் உங்கள் பெரியப்பா என்னை டாக்டர் என்று நினைத்து வாயைத் திறந்து கடைவாயைக் காட்டினார். நான் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், அந்த அளவுக்கு நான் பல் செட் செய்து அனுப்புவேன். அந்தச் செட்டைப் போட்டுக்கொண்டு சிரிப்பவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

'உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்' என்பது உங்கள் தாளில் பக்கத்தின் கடைசி வரி. திருப்புவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, பொண்ணு வேணாம்னுடுச்சா?" என்றார். திருப்பிப் படித்தேன்.

"இல்லண்ணே. பொண்ணு துப்பாக்கி வச்சிருக்கு" என்றேன்.

அவர் அன்று முழுக்க என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.

எனக்குப் பூரண சம்மதம். அக்காவிடமும் பேசிவிட்டேன். அம்மா அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் சட்டமன்றம், நீதிமன்றம் இரண்டும் அக்காதான் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குக் கண்ணாடி வைத்த பீரோ வாங்கித் தர அவர் பணம் எடுத்து வைத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குக் கேட்டேன்.

"கம்ப்யூட்டரா? அதுல துணி மடிச்சு வைக்க முடியுமாடா?"

"முடியாதுக்கா."

"முகம் பாக்க முடியுமா?"

"அணைச்சு வச்சா பாக்கலாம்."

"பூட்டாவது இருக்கா?"

"பாஸ்வேர்டு இருக்குக்கா."

அதில்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள். எனக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது.

உங்கள்,
டாக்டர் அல்லாதவன்


ஜனவரி 21

அன்புள்ள உங்களுக்கு,

(நீங்களே போட்டுவிட்டதால் நானும்.)

நீங்கள் சம்மதம் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். 'பூரண' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பாதிச் சம்மதம் வரும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். மீதிப் பாதிக்கு வாதாட ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தது வீணாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனால் முதலில் கேபினட்டைக் காட்டுவார்கள். எல்லாப் பாகங்களையும் உள்ளே வைக்கிற பெட்டி அது. கண்ணாடிக் கதவும் வானவில் விளக்குமாக மின்னும். அதைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். முன்பக்கம் காற்று போக வலை இருந்தால் போதும். விளக்கு எரிவதால் துப்பாக்கி வேகமாகச் சுடாது.

பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். திரையில் படத்தை வரைவது அதுதான். அடுத்தது ப்ராசஸர், அது மூளை. அந்த மூளை உட்காரும் பலகை மதர்போர்டு. இவை இரண்டும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் ஒட்டவே ஒட்டாது. ரேம் என்பது நினைவகம், அதைப் பெரிதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறிதாக இரண்டு வாங்குவது நல்லது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமான பவர் சப்ளை தனியாகச் சாகாது, போகும்போது குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போகும்.

நான் வேலை பார்க்கும் குடிநீர்க் கட்டண அலுவலகத்தில் மதிய வேளையில் கூட்டம் இருக்காது. அப்போது விலை பார்க்கிறேன். பக்கத்து இருக்கை அம்மா நான் கல்யாணத்துக்குத் துணி பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "கலர் முடிவாயிடுச்சாம்மா?" என்று கேட்டார். "கறுப்பு" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கார்டுகளுக்கு நடுவில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒன்று புதியது, கொஞ்சம் பலவீனம். இன்னொன்று பலசாலி, ஆனால் ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது, எந்த வீட்டில் என்ன பாடுபட்டதோ தெரியாது. மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். (இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

அதனால் நான் சொல்லும்வரை எதையும் வாங்கிவிட வேண்டாம். இப்படி உட்கார்ந்து எனக்கு வேண்டியதை நானே தேர்ந்தெடுப்பது நன்றாக இருக்கிறது.

உங்கள்,
தாத்தா


பிப்ரவரி 2

அன்புள்ள தாத்தாவுக்கு,

ஒரு நல்ல செய்தி. அதற்குள் ஒரு சின்னச் செய்தியும் இருக்கிறது.

நல்ல செய்தி: உங்களுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டரை வாங்கிவிட்டேன்! அக்காவும் அவர் வீட்டுக்காரரான மாமாவும் நானும் போனோம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயாராகத்தான் இருந்தேன். கடைக்காரர் நேராகக் கேபினட்டிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் சொன்ன அதே கண்ணாடி, அதே வானவில். அக்கா கண்ணாடியில் முகம் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார். "பீரோவுக்குப் பீரோவும் ஆச்சு" என்றார். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

மதர்போர்டு, ரேம், திரை எல்லாம் அங்கேயே வாங்கினோம், பவர் சப்ளை கேபினட்டோடேயே வந்தது. "மதர்போர்டுங்கிறது வீட்டு மாமியார் மாதிரி சார். எல்லாரும் அவங்கள அனுசரிச்சுத்தான் போகணும்" என்றார் கடைக்காரர். அக்கா அதை ரசிக்கவில்லை. கேபினட் கொஞ்சம் கையைக் கடித்துவிட்டதால், ப்ராசஸரை மட்டும் வெளியே வாங்கினேன். நாங்கள் பல் செய்து கொடுக்கும் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவர், தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதை மலிவாகக் கொடுத்தார். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொஞ்சம் பணம் பாக்கி இருக்கிறது. அதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்!

இப்போது சின்னச் செய்தி. ப்ராசஸர் மதர்போர்டில் உட்காரவில்லை. ஓரத்தில் சின்னதாக இடித்தது. எங்கள் தொழிலில் இது தினப்படி சமாசாரம். பல் செட் போட்டுக் கடிக்கும்போது ஒரு பக்கம் உயரமாக இருந்தால், அந்த இடத்தை மெல்லிய கருவியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுவோம். கச்சிதமாக உட்காரும். அதனால் நானும் லேபுக்கு எடுத்துக்கொண்டு போய் லேசாகத் தேய்த்தேன். மிகவும் லேசாக. முடித்துவிட்டுப் பாலிஷ்கூடப் போட்டேன்.

உட்கார்ந்துவிட்டது! அதன்மேல் இருக்கும் மூடியை அழுத்தியபோது 'நறுக்' என்று ஒரு சத்தம். பல் சரியாகப் பொருந்தினாலும் அப்படித்தான் கேட்கும்.

சுவிட்சைப் போட்டதும் விளக்கெல்லாம் வானவில்லாக எரிந்தது. அக்கா கைதட்டினார். கார்டு இல்லாமலே படம் வரும் என்று கடைக்காரர் சொன்னார், ஆனால் திரையில் மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒருவேளை சூடாக நேரம் எடுக்குமோ?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
அவசரக்காரன்


பிப்ரவரி 7

வணக்கம்.

ப்ராசஸரைத் தேய்த்தீர்கள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகும் அது அப்படியேதான் இருக்கிறது. பாலிஷ் வேறு.

அது இடித்தது உயரம் அதிகமானதால் அல்ல. அது வேறு தலைமுறை. தப்பானதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஓரத்தில் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட 'நறுக்' மதர்போர்டின் ஊசிகள் மடங்கிய சத்தம். இரண்டும் போயிற்று. சூடாக நேரம் எடுக்காது. இனி அது சூடே ஆகாது.

ஆனால் எனக்குக் கோபம் அதைப் பற்றி இல்லை. பொருள் போனால் போகட்டும். நீங்கள் அக்காவைக் கேட்டீர்கள். மாமாவைக் கேட்டீர்கள். கடைக்காரரைக் கேட்டீர்கள். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள். 'வாங்க வேண்டாம்' என்று எழுதிய என்னை மட்டும் கேட்கவில்லை.

கல்லூரியில் நான் எந்தப் பாடம் எடுப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்த வேலைக்கு மனுப் போடுவது என்று பெரியப்பா சொன்னார். நிச்சயத்தன்று நான் உடுத்தியது உங்கள் அக்கா எடுத்தது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஆச்சரியம் கொடுக்கத்தான் நினைக்கிறார்கள். "என்னென்ன வேண்டும், எழுதுங்கள்" என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். அந்தக் கேள்வியை நம்பித்தான் இந்தக் கல்யாணத்துக்கே மனம் வந்தது. கேட்டவர் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டே வேறு பக்கம் போவார் என்றால், நாளைக்கு வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடக்கும்.

மீதிப் பணத்துக்குப் பீரோ வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரிகையை அச்சடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.

நான்


பிப்ரவரி 13

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. அவரே எடுத்துப் படித்துவிட்டார். படித்து முடித்துவிட்டு, "நான் எடுத்த துணி அவளுக்குப் பிடிக்கலையாடா?" என்றார். சாயங்காலம் என்னைத் திட்டத் தொடங்கினார். "அவ வேணாம்னு எழுதினத நீ ஏண்டா எங்கிட்டச் சொல்லல? நான் பாட்டுக்கு அந்தக் கண்ணாடியில தல சீவிக்கிட்டு நின்னேனே!" என்றார். திட்டு நியாயமானது. வாங்கிக்கொண்டேன்.

நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்கு என்ன சந்தோஷம் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தும், அதை நானே கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

நேற்றுக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பேருந்தில் எல்லோரும் மீன் தொட்டி என்று நினைத்து வழிவிட்டார்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றார். வேண்டுமானால் வேறு பொருளாக எடுத்துக்கொள்ளலாமாம். "என்ன சார் வேணும், சொல்லுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும். அவங்க வந்து சொல்லுவாங்க" என்றேன்.

"அவங்கன்னா?"

"நான் கட்டிக்கப்போறவங்க. இப்போதைக்கு அது சந்தேகம்."

அவர் கேபினட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

பணம் முன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. அதற்குக் காரணமான ப்ராசஸரைக் கண்ணில் படுகிற இடத்தில், என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிறீர்களா? வந்தால் கடையில் நான் வாயைத் திறக்க மாட்டேன். வர விருப்பம் இல்லை என்றால், உங்கள் அப்பாவிடம் சொல்லும் வேலையை நானே செய்கிறேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

உங்கள் பதிலுக்குப் பிறகே மற்றது,
நான்


பிப்ரவரி 20

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கல்யாணத்துக்கு என்று நினைக்க வேண்டாம். கடைக்கு.

அப்பா தன் டெலிவரி வேனிலேயே அழைத்து வருகிறார். ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துவருகிறேன். நான் பேசவில்லை என்றால் அதைக் கொடுத்துவிடலாம்.

அக்கா எடுத்த உடை எனக்குப் பிடித்திருந்தது. கேட்டுவிட்டு எடுத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான்


மார்ச் 1

அன்புள்ள உங்களுக்கு,

கடைக்குள் என்ன நடந்தது என்று வாசலிலேயே கேட்டீர்கள். அப்பா பக்கத்தில் இருந்ததால் "ம்" என்றேன். இப்போது சொல்கிறேன்.

வாய் திறக்க மாட்டேன் என்றீர்கள், சரி. கடைக்குள்ளேயே வராமல் வாசலில் நின்றுவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவும் ஸ்டியரிங் இல்லாத பொருள்களைப் பார்த்து மிரண்டு உங்களோடு வந்து நின்றுவிட்டார். உள்ளே நானும் உங்கள் அக்காவும்தான். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "கேம் ஆடுறது யாரு, உங்க தம்பியாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கார்டை எடுத்து வைத்தார். "லேடீஸ் ஆடுறதுக்கு இது தாராளமாப் போதும்மா" என்றார். அது நான் வேண்டாம் என்று தள்ளியவற்றிலேயே கடைசி. அதற்குப் பிறகு தாளைப் பையிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை.

"இது வேணாம். அந்த மேல் தட்டுல இருக்கிறத எடுங்க."

"அது பழசும்மா."

"தெரியும். ஓட்டிக் காட்டுங்க."

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல. மாட்டுங்க. கேம் ஒண்ணு போடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அவர் மாட்டினார். அது சூடு ஏறும்வரை நின்று பார்த்தோம். சத்தம் சீராக இருந்தது. ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே தலைமுறையில், யாரோ விற்ற பழைய ஜோடியாக எடுத்தேன். பவர் சப்ளை மட்டும் புதியது. கேபினட்டுக்கு மிஞ்சிய பணத்தில், ஏதோ ஆபீஸிலிருந்து கழித்துப்போட்ட வெளிறிய இரும்புப் பெட்டி கிடைத்தது. மூன்று முறை விலை குறைக்கச் சொன்னேன், மூன்று முறையும் குறைத்தார். கடைசியில் அக்கா மெதுவாக, "ஒரே ஒரு லைட்டாவது வச்சுக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். கேட்டார்! பெட்டிக்குள் சூட்டைத் தணிக்கிற, விளக்கு எரிகிற காற்றாடி ஒன்றை இலவசமாகப் போடச் சொன்னேன். "யார் வீட்டுப் பொண்ணும்மா இது?" என்று கடைக்காரர் முனகினார். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் அக்கா. இன்னும் இல்லை என்று நான் திருத்தவில்லை.

வாசலில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

உங்கள்,
தாத்தா


மார்ச் 6

அன்புள்ள தாத்தாவுக்கு,

வாசலில் உங்கள் அப்பாவோடு நின்றேன். அவர் வேனின் மைலேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"உள்ள யாருப்பா சண்டை போடுறது?"

"சண்டை இல்ல மாமா. பேரம்."

"அது எம்பொண்ணு குரல் மாதிரியில்ல இருக்கு?"

"அவங்கதான்."

அவர் கண்ணாடிக் கதவுக்கு அருகில் போய்ப் பார்த்தார். நீங்கள் விரலை நீட்டி எதையோ மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "பட்டம் வாங்க மேடையேறுனப்போ ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல, தலையை ஆட்டிட்டு இறங்கி வந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, அவ கேக்கிறதையெல்லாம் வாங்கிக் குடுத்துருவீங்கல்ல?" என்றார். "நான் வாங்கினா தப்பாயிடும் மாமா. அவங்களே வாங்கிக்குவாங்க" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே.

இங்கே பெட்டியைப் பூட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ஆனால் சில முடிவுகள் தேவைப்படுகின்றன. மேசையை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கம் போடவா? நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டுமா? திரைச்சீலை நீலமா, சாம்பலா? தண்ணீர்க் குடத்தை எந்த மூலையில் வைப்பது? கல்யாணத்துக்கு நான் என்ன நிறச் சட்டை போடுவது? அக்கா வீட்டுக்காரர் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். லேபுக்குப் பக்கத்தில் முடிவெட்டுபவர் மீசையை எடுத்துவிடச் சொல்கிறார், எடுக்கவா? அக்கா என்னைப் பார்த்து, "மூச்சு விடுறதுக்காவது கேக்காம விடுடா" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன்.

உங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
அணியின் புது ஆள்


மார்ச் 11

அன்புள்ள புது ஆளுக்கு,

மேசை சுவர் பக்கம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக் கூடாது. நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும்.

பத்திரிகையை அச்சடிக்கக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் நானே வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.

திரைச்சீலை, குடம், சட்டை எல்லாம் உங்கள் இஷ்டம். இனிமேல் இதற்கெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

மீசைக்கு மட்டும் கேட்க வேண்டும். எடுக்கக் கூடாது.

உங்கள்,
தாத்தா